லாரிக்கு ஒரு புகைவெப்பமானி

லாரி ஓட்டுநரின் முன்னே உள்ள பலகையில் முட்கள் பல இருக்கின்றன. வேகத்தைக் காட்ட ஒன்று. டீசல் இருப்பைக் காட்ட ஒன்று. ஆயில் அழுத்தத்தைக் காட்ட ஒன்று. ரேடியேட்டர் தண்ணீரின் சூட்டைக் காட்ட ஒன்று. ஆனால் இத்தனையையும் இயக்குகின்ற நெருப்பு உள்ளே எந்த அளவில் எரிகிறது என்று காட்டுவதற்குப் பழைய லாரிகளில் ஒரு முள்ளும் இல்லை. ஓட்டுநர் அதைச் சைலன்சரின் புகை நிறத்தைக் கொண்டும், எஞ்சினின் ஓசையைக் கொண்டும், தம் அனுபவத்தைக் கொண்டும் ஊகித்தே அறிகின்றார்.

இந்த ஊகம் தவறினால் இழப்பு சிறிதன்று. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரங்களில் கடனுக்கு ஒரே ஒரு லாரியை வாங்கித் தாமே ஓட்டிப் பிழைப்பவர்கள் பலர். ஒரு பிஸ்டன் உருகினால் எஞ்சின் வேலைக்கான செலவு ஒருபுறம். வண்டி நிற்கின்ற நாட்களின் வாடகை இழப்பு மறுபுறம். வண்டி நின்றாலும் தவணை நிற்பதில்லை.

இந்தக் குறையைப் போக்கும் கருவி நமக்குப் புதியதன்று. இயற்பியல் மாணவர்கள் ஆய்வகத்தில் கையாளும் வெப்ப மின்னிரட்டையே அது. அதனைக் கொண்டு லாரியின் புகைவெப்பத்தை அளக்கும் மானி ஒன்றை நாமே செய்வது எவ்வாறு என்பதையும், அது பொய் சொல்லாமல் பார்த்துக்கொள்வது எவ்வாறு என்பதையும் இக்கட்டுரையில் காண்போம். முன்னது எளிது, பின்னதுதான் கடினம். (இக்கட்டுரையில் வரும் வெப்பநிலைகள் யாவும் செல்சியஸ் அளவில் உள்ளவை.)

நெருப்பும் காற்றும்

ருடால்ஃப் டீசல் 1897-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் இயக்கிக் காட்டிய எஞ்சினின் அடிப்படைத் தத்துவம் இன்றும் மாறவில்லை. காற்றை மட்டும் உள்ளே இழுத்துக் கடுமையாக அழுத்த வேண்டும். அழுத்தத்தால் சூடேறிய அக்காற்றில் டீசலைத் தூவ வேண்டும். தீப்பொறி தேவையின்றி அது தானே பற்றிக்கொள்ளும்.

பெட்ரோல் எஞ்சினில் ஆக்சிலேட்டரை மிதித்தால் காற்றின் வழி திறக்கிறது; காற்றுக்கு ஏற்ற அளவில் பெட்ரோலும் சேர்கிறது. பழைய டீசல் எஞ்சினிலோ காற்றின் வழி எப்போதும் திறந்தே இருக்கிறது. ஆக்சிலேட்டர் கூட்டிக் குறைப்பது டீசலின் அளவை மட்டுமே. ஒரு கிலோ டீசல் முழுமையாக எரிவதற்குச் சுமார் பதினாலரை கிலோ காற்று வேண்டும். வெறுமனே ஓடிக்கொண்டு நிற்கும் எஞ்சினில் இதைப்போல் பல மடங்கு காற்று இருக்கும். பாரத்தோடு மேடேறும்போது அந்த உபரி குறைந்துவிடும். ஆகவே, காற்றின் பங்கு குறையக் குறைய டீசல் எஞ்சினின் புகைவெப்பம் ஏறும் என்பதே நாம் மனத்தில் கொள்ள வேண்டிய விதி.

இதனைத் தோராயமான கணக்கு ஒன்றால் விளக்கலாம். ஒரு கிலோ டீசல் எரிந்தால் சுமார் 42,500 கிலோஜூல் வெப்பம் கிடைக்கும். அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, அதாவது 14,000 கிலோஜூல், புகையோடு வெளியேறுவதாகக் கொள்வோம். சூடான புகையின் தன்வெப்பத்தைக் கிலோவுக்கு 1.1 கிலோஜூல் எனக் கொள்ளலாம்.

ஒரு கிலோ டீசலுக்கு 30 கிலோ காற்று இருந்தால் வெளிவரும் புகை 31 கிலோ. 14,000-ஐ 31 × 1.1 ஆல் வகுத்தால் வெப்ப உயர்வு சுமார் 410 டிகிரி. உள்ளே வந்த காற்றின் 40 டிகிரியையும் சேர்த்தால் 450 டிகிரி.

காற்று 20 கிலோவாகக் குறைந்தால் புகை 21 கிலோ. அதே வெப்பம் குறைந்த புகையில் பங்கிடப்படுவதால் உயர்வு சுமார் 606 டிகிரி. மொத்தம் 646 டிகிரி.

டீசலின் அளவு இரண்டிலும் ஒன்றே. காற்று மூன்றில் ஒரு பங்கு குறைந்ததும் புகைவெப்பம் ஏறத்தாழ 200 டிகிரி ஏறிவிட்டது! காற்று வடிகட்டி தூசியால் அடைபட்ட லாரி ஏன் சூடேறுகிறது என்பதும், டர்போசார்ஜரின் ரப்பர்க் குழாய் கிழிந்த வண்டி ஏன் கரும்புகை கக்குகிறது என்பதும் இக்கணக்கால் விளங்கும்.

இனி மலைச்சாலைக்கு வருவோம். பண்ணாரியிலிருந்து திம்பம் வரை 27 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன என்பதை நாமறிவோம். பாரத்தோடு 16,200 கிலோ எடையுள்ள லாரியை 100 மீட்டர் உயரம் தூக்குவதற்கு மட்டும் ஏறத்தாழ 1 கோடியே 59 லட்சம் ஜூல் வேலை செய்ய வேண்டும். எஞ்சினின் திறன் மூன்றில் ஒன்று எனக் கொண்டால், இதற்கு 1.1 கிலோ டீசல் செலவாகும். சக்கர உராய்வுக்கும் காற்றுத் தடைக்கும் ஆகும் செலவு தனி. அத்தனை டீசலையும் சில நிமிடங்களில் எரித்தாக வேண்டும். அவ்வேளையில் ஓட்டுநர் கியரைக் குறைக்காமல் ஆக்சிலேட்டரை மட்டும் அழுத்திப் பிடித்தால் எஞ்சினின் சுழற்சி தளரும். டர்போ தள்ளும் காற்றும் குறையும். டீசல் மட்டும் நிறையப் பாயும். போதாக்குறைக்கு, உயரம் ஏற ஏறக் காற்றே மெலிகிறது. கடல்மட்டத்தைவிட 1,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவு.

தண்ணீர் முள் சொல்லாதது

"சூடேறினால் தண்ணீர் முள் காட்டிவிடுமே, வேறொரு மானி எதற்கு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. ஆனால் எஞ்சினின் வார்ப்பிரும்புப் பகுதி நூற்றுக்கணக்கான கிலோ எடையுள்ளது. அதனைச் சுற்றி ஓடும் தண்ணீரோ பல லிட்டர். இவ்வளவையும் சூடாக்கிய பின்னரே அந்த முள் அசையும். மேலும் தண்ணீரை ஒரே சூட்டில் வைத்திருப்பதற்கென்றே தெர்மோஸ்டாட்டும் விசிறியும் வேலை செய்கின்றன. வெள்ளம் வருமுன் அணைபோட வேண்டும் என்பார்கள். தண்ணீர் முள் பல நேரங்களில் வெள்ளம் வந்த பின்னர்தான் செய்தி சொல்கிறது. புகையின் வெப்பமோ மிதியை அழுத்திய சில நொடிகளிலேயே மாறுகிறது.

பிஸ்டன்கள் பெரும்பாலும் அலுமினியக் கலவையால் ஆனவை. தூய அலுமினியம் 660 டிகிரியில் உருகும். சிலிக்கான் சேர்ந்த கலவை 577 டிகிரியிலேயே உருகத் தொடங்கும். அதற்கு வெகு முன்பே, 300 டிகிரியைத் தாண்டும்போதே, அதன் வலிமை குறையத் தொடங்குகிறது. புகை 650 டிகிரி என்றால் பிஸ்டனும் 650 டிகிரி என்று பொருளல்ல. பிஸ்டனின் வெப்பத்தை ஆயிலும் சிலிண்டர்ச் சுவரும் வாங்கிக்கொள்கின்றன. ஆனால் புகைவெப்பம் ஏறினால் பிஸ்டனின் வெப்பமும் ஏறும். ஆகவே கையால் தொட முடியாத பிஸ்டனுக்கு, தொடக்கூடிய புகை ஒரு தூதுவனாகிறது.

எந்த எஞ்சினுக்கு எது எல்லை என்பதை அதனைச் செய்தவர்களின் கையேடே முடிவு செய்ய வேண்டும். பொதுவாக, டர்போவுக்கு முன்னே அளக்கும்போது 650 முதல் 700 டிகிரி வரையிலான நிலையில் நெடுநேரம் ஓட்டுவது அபாயம் என்று கொள்வது வழக்கம்.

இரு கம்பிகளின் கதை

1821-ஆம் ஆண்டில் தாமஸ் யோகான் சீபெக் என்னும் அறிஞர் வெவ்வேறான இரு உலோகங்களை வளையமாக இணைத்து ஒரு சந்தியைச் சூடாக்கினார். அருகிலிருந்த காந்த ஊசி திரும்பியது. வெப்பமே காந்தத்தை உண்டாக்குகிறது என்று அவர் எண்ணினார். வளையத்தில் மின்னோட்டம் ஓடுவதாலேயே ஊசி திரும்புகிறது என்ற சரியான விளக்கத்தைத் தந்தவர், அதற்கு முந்திய ஆண்டில் மின்னோட்டத்தின் காந்த விளைவைக் கண்டறிந்த எர்ஸ்டெட். இரு சந்திகளின் வெப்பநிலைகளும் வேறுபட்டால் மின்னியக்கு விசை தோன்றும் என்பதே சீபெக் விளைவு. "இரு சந்திகள்" என்பதை வாசகர் அடிக்கோடிட்டுக்கொள்ள வேண்டும். பின்னால் வரும் தொல்லைகள் அனைத்தும் இரண்டாவது சந்தியிலிருந்தே பிறக்கின்றன.

நம் ஆய்வகங்களில் செப்பும் இரும்பும் சேர்ந்த இரட்டையைப் பயன்படுத்துகிறோம். செப்புக் கம்பியும் இரும்புக் கம்பியும் மலிவானவைதாமே, அவற்றையே லாரியில் பொருத்தினால் என்ன? இங்கேதான் செய்முறைப் பதிவேட்டில் நாம் வரைந்த வளைகோட்டை நினைவுகூர வேண்டும். குளிர்சந்தியை 0 டிகிரியில் வைத்து மற்றதைச் சூடாக்கினால் மின்னியக்கு விசை முதலில் ஏறுகிறது. ஏறத்தாழ 275 டிகிரியில் உச்சத்தை அடைகிறது. அதுவே நடுநிலை வெப்பநிலை. அதற்குமேல் சூடாக்கினால் விசை இறங்குகிறது. ஏறத்தாழ 550 டிகிரியில், அதாவது புரட்டு வெப்பநிலையில், பூச்சியமாகிவிடுகிறது.

இதன் பொருள் என்ன? 150 டிகிரியிலும் 400 டிகிரியிலும் மானி ஒரே அளவைக் காட்டும். மலையேறும் லாரியின் புகை 550 டிகிரியைத் தொடும் வேளையில் முள் பூச்சியத்தில் படுத்து, "எஞ்சின் குளிர்ந்திருக்கிறது" என்று சொல்லும். தேர்வுக்காக நாம் வரையும் அந்த அழகிய பரவளைவு, சாலையில் ஓர் எஞ்சினையே அழித்துவிடக்கூடியது.

ஆகவே வேறு இணை வேண்டும். அதுவே 'கே' வகை எனப்படும் குரோமெல்-அலுமெல் இரட்டை. குரோமெல் என்பது ஏறத்தாழ 90 பங்கு நிக்கலும் 10 பங்கு குரோமியமும் சேர்ந்த கலவை. அலுமெல் என்பது 95 பங்கு நிக்கலோடு சிறிதளவு அலுமினியம், மாங்கனீஸ், சிலிக்கான் சேர்ந்தது. நமக்கு வேண்டிய எல்லை முழுவதிலும் இதன் விசை ஏறிக்கொண்டே செல்கிறது. ஏறத்தாழ நேர்கோடாகவும் அமைகிறது. குளிர்சந்தி 0 டிகிரியில் இருக்கும்போது இதன் அளவுகள் வருமாறு:

100 டிகிரி — 4.1 மில்லிவோல்ட்
200 டிகிரி — 8.1 மில்லிவோல்ட்
300 டிகிரி — 12.2 மில்லிவோல்ட்
400 டிகிரி — 16.4 மில்லிவோல்ட்
500 டிகிரி — 20.6 மில்லிவோல்ட்
600 டிகிரி — 24.9 மில்லிவோல்ட்
700 டிகிரி — 29.1 மில்லிவோல்ட்
800 டிகிரி — 33.3 மில்லிவோல்ட்

மறந்துபோகும் சந்தி

ஆய்வகத்தில் குளிர்சந்தியைப் பனிக்கட்டியில் வைக்கிறோம். லாரியில் பனிக்கட்டி ஏது? கம்பிகள் மானியோடு சேரும் இடமே அங்கு குளிர்சந்தி. அது ஓட்டுநர் அறையின் வெப்பநிலையில், கோடையில் 40 டிகிரியில்கூட, இருக்கும். மானி காட்டுவது இரு முனைகளுக்கும் இடையிலான வேறுபாட்டையே. ஆகவே அறையின் வெப்பத்துக்கு உரிய விசையைக் கூட்டிக்கொள்ள வேண்டும். 'கே' வகையில் 40 டிகிரிக்கு உரியது 1.6 மில்லிவோல்ட்.

ஓர் எடுத்துக்காட்டு: மானி 26.3 மில்லிவோல்ட் காட்டுகிறது. அறை 40 டிகிரி. 26.3 + 1.6 = 27.9. இது 600-க்கு உரிய 24.9-ஐவிட 3.0 அதிகம். 600-க்கும் 700-க்கும் இடையே 4.2 மில்லிவோல்ட் உள்ளது. 3.0-ஐ 4.2 ஆல் வகுத்து 100 ஆல் பெருக்கினால் 71. ஆகவே புகையின் வெப்பம் 671 டிகிரி.

குளிர்சந்தியை மறந்தவர் 26.3-ஐ அப்படியே அட்டவணையில் தேடுவார். அவருக்கு 633 டிகிரி என விடை கிடைக்கும். 650-ஐ எல்லையாகக் கொண்ட ஓட்டுநருக்கு முதல் விடை "கியரைக் குறை" என்கிறது. இரண்டாவது விடை "அப்படியே போ" என்கிறது.

செய்முறை

முதலாவது, முனை. இரு கம்பிகளை முறுக்கி நேரடியாகப் புகையில் விட்டால் விரைவில் அரித்துப்போகும். ஆகவே துருப்பிடிக்காத எஃகு உறைக்குள் மெக்னீசியம் ஆக்சைடு தூளிட்டு இறுக்கிய ஆயத்த முனையை வாங்குவதே நன்று. உலைகளுக்கும் கொதிகலன்களுக்கும் கருவிகள் விற்கும் கடைகளில் இது கிடைக்கும். உறையின் தடிமன் 3 மில்லிமீட்டர் போதும்; தடித்தால் மெதுவாகவே காட்டும். உள்ளே சந்தி உறையைத் தொடாத வகையைக் கேட்டு வாங்க வேண்டும். தொட்டால் லாரியின் உடம்பு வழியாக வேண்டாத மின்னோட்டம் கலந்து அளவைக் கெடுக்கும்.

இரண்டாவது, இடம். சிலிண்டர்களின் புகைவழிகள் ஒன்று சேரும் வார்ப்பிரும்பு மேனிபோல்டில், டர்போவுக்கு முன்னே முனையைப் பொருத்த வேண்டும். முனையின் நுனி குழாயின் நடுவில் இருப்பது அவசியம். சுவரோரத்தில் நின்றால் குறைவாகக் காட்டும். டர்போவுக்குப் பின்னே பொருத்துவது எளிது. ஆனால் டர்போவைச் சுழற்றுவதில் புகை தன் ஆற்றலை இழந்து குளிர்ந்திருக்கும். அவ்வேறுபாடு பாரத்துக்குப் பாரம் மாறும். முழுப் பாரத்தில் 100 டிகிரிக்கு மேலும் போகலாம்.

மூன்றாவது, துளை. மேனிபோல்டைக் கழற்றி லேத்துப் பட்டறைக்குக் கொண்டுசென்றுதான் துளையிட்டு மரை போட வேண்டும். வண்டியிலேயே வைத்துத் துளையிட்டால் இரும்புத் துகள் உள்ளே விழும். டர்போவின் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்று அளவில் சுழலக்கூடியது. அதன் இதழில் ஒரு துகள் பட்டாலும், எஞ்சினைக் காக்க வந்த கருவியே அதனைக் கெடுத்ததாகும். துளையிட்டதும் துகள்களை முற்றும் ஊதித் துடைத்த பின்னரே மீண்டும் பூட்ட வேண்டும்.

நான்காவது, கம்பி. எஞ்சினிலிருந்து ஓட்டுநர் அறை வரை செல்லும் கம்பியும் 'கே' வகைக்கு உரியதாகவே இருக்க வேண்டும். சாதாரணச் செப்புக் கம்பியை எஞ்சினருகே ஒட்டுப்போட்டால் குளிர்சந்தி அந்த ஒட்டுக்கு இடம் மாறிவிடும். அங்கே 90 டிகிரியும் அறையில் 40 டிகிரியும் இருந்தால் மானி 50 டிகிரி குறைத்துக் காட்டும். சரியான கம்பியையே வாங்கி ஒட்டில் இரண்டையும் மாற்றி இணைத்துவிட்டால் பிழை இருமடங்காகி 100 டிகிரி குறையும். உறையின் நிறம் நாட்டுக்கு நாடு மாறுவதால் அதனை நம்புவதைவிட ஒரு சிறு காந்தத்தை நம்பலாம். அறை வெப்பத்தில் அலுமெல் காந்தத்தில் ஒட்டும், குரோமெல் ஒட்டாது. அலுமெல்லே எதிர்முனை. (முனையோடு வரும் கம்பியும், நீட்டிக்கும் கம்பியும் அவ்வுலோகங்களாலேயே ஆனவையாக இருக்கும்போதுதான் இச்சோதனை செல்லும்.)

ஐந்தாவது, மானி. மிக எளிய வழி, சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டரின் 200 மில்லிவோல்ட் வரிசை. அது 0.1 மில்லிவோல்ட் வரை பிரித்துக் காட்டும். அது ஏறத்தாழ இரண்டரை டிகிரிக்குச் சமம். தன் பேட்டரியில் இயங்குவதால் லாரியின் 24 வோல்ட் மின்சாரத்தோடு அதற்குத் தொடர்பில்லை. மேலே தந்த அட்டவணையைக் கூட்டல் கணக்கோடு அட்டையில் எழுதிப் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளலாம். சோதனைக்கு இதுவே போதும்.

நிலையாகப் பொருத்துவதற்கு அறை வெப்பத்தைத் தானே அளந்து கூட்டிக்கொள்ளும் சில்லுகள் உள்ளன. மேக்ஸ் 6675 என்னும் சில்லு 0 முதல் 1,023 டிகிரி வரை கால் டிகிரி அளவில் எண்ணாகவே தரும். ஆர்டுயினோ போன்ற சிறிய கட்டுப்பாட்டுப் பலகை ஒன்றும் எண்காட்டி ஒன்றும் அதனுடன் சேர்ந்தால் மானி முடிந்தது. இச்சில்லு தன் சூட்டையே குளிர்சந்தியின் சூடாக எடுத்துக்கொள்வதால், 24 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைக்கும் சூடான உறுப்பின் அருகே அதனை வைக்கலாகாது. மின்னிணைப்பில் ஒரு ஃப்யூஸ் கட்டாயம் வேண்டும்.

செலவைக் குறைக்க எண்ணி எல்.எம். 358 போன்ற மலிவான பெருக்கியை நாடும் மாணவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். உள்ளீடு ஏதும் இல்லாதபோதே அதில் இரண்டு மூன்று மில்லிவோல்ட் பிழை இருக்கக்கூடும். வானொலிப் பெட்டியில் அது பொருட்டன்று. இங்கே 2 மில்லிவோல்ட் என்பது 50 டிகிரி.

சரிபார்த்தல்

இதுவரை கண்ட பிழைகளை ஒருமுறை வரிசைப்படுத்திப் பார்ப்போம். குளிர்சந்தியை மறந்தால் மானி குறைத்துக் காட்டும். செப்புக் கம்பியால் நீட்டினால் குறைத்துக் காட்டும். கம்பிகளை மாற்றி இணைத்தால் குறைத்துக் காட்டும். முனை சுவரோரம் நின்றால் குறைத்துக் காட்டும். டர்போவுக்குப் பின்னே வைத்தால் குறைத்துக் காட்டும். நாம் செய்யக்கூடிய பிழைகள் பெரும்பாலும் ஒரே பக்கம் சாய்கின்றன. அதுவும் அபாயத்தின் பக்கம்! மானியே இல்லாத ஓட்டுநர் ஓசையைக் கேட்டு அஞ்சுவார். பொய்மானி உள்ள ஓட்டுநரோ அஞ்சமாட்டார். ஆகவே சரிபார்க்காத மானியை லாரியில் ஏற்றுவதைவிட ஏற்றாமல் இருப்பதே மேல்.

சரிபார்த்தலுக்கு நம் ஆய்வகமே போதும். முழுக் கம்பியையும் மானியையும் இணைத்த நிலையில்தான் சோதிக்க வேண்டும். நொறுக்கிய பனிக்கட்டியும் தண்ணீரும் கலந்ததில் முனையை வைத்தால் 0 டிகிரி காட்ட வேண்டும். கொதிக்கும் நீரில் 100 டிகிரி. ஆனால் ஊரின் உயரத்துக்கேற்ப இது குறையும். ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரமுள்ள உதகமண்டலத்தில் தண்ணீர் 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். எனவே 300 மீட்டருக்கு ஒரு டிகிரி எனக் கழித்துக்கொள்வது பொருத்தம்.

உயர்ந்த வெப்பநிலைக்கு உலோகங்களின் உறைநிலை உதவும். தூய வெள்ளீயத்தை உருக்கி, மெல்லிய உறைக்குழாய்க்குள் வைத்த முனையை அதில் இறக்கி, அடுப்பை அணைத்து, அரை நிமிடத்துக்கு ஒருமுறை அளவைக் குறிக்க வேண்டும். அளவு இறங்கிக்கொண்டே வந்து ஓரிடத்தில் சற்று நேரம் அசையாமல் நிற்கும். உலோகம் உறைகின்றபோது உள்ளுறை வெப்பத்தை விடுவதே இதற்குக் காரணம். அந்த இடம் 232 டிகிரி. காரீயத்தில் இதே சோதனை 327 டிகிரியைத் தரும். காரீயத்தின் ஆவி நஞ்சு; ஆகவே அதனைப் புகைக்கூண்டுக்குள், ஆசிரியரின் மேற்பார்வையில் மட்டுமே உருக்க வேண்டும். முனையும் உறைக்குழாயும் ஈரமின்றி உலர்ந்திருக்க வேண்டும். ஒரு துளி நீர் பட்டாலும் உருகிய உலோகம் வெடித்துத் தெறிக்கும். கண்ணாடிக் கவசம் அவசியம். 0, 100, 232, 327 ஆகிய நான்கு இடங்களிலும் மானி ஐந்து டிகிரிக்குள் ஒத்துவந்தால், கம்பியும் இணைப்பும் சரியாக உள்ளன என்று துணிந்து மேலே செல்லலாம்.

ஓட்டுநர் கையில்

மானி பொருத்தியதும் முதலில் செய்ய வேண்டியது ஓர் ஏட்டைத் தொடங்குவதே. வெறுமனே நிற்கையில் எவ்வளவு, சமவெளியில் பாரத்தோடு எவ்வளவு, வழக்கமான மேட்டில் எவ்வளவு என்று அந்த வண்டிக்கே உரிய இயல்பான அளவுகளைக் குறித்துவைக்க வேண்டும். நிற்கும்போது 100 முதல் 200 வரையிலும், சமவெளியில் 300 முதல் 450 வரையிலும் இருப்பது பொதுவான நிலை. பிற்காலத்தில் அதே மேட்டில், அதே பாரத்தில் அளவு 50 டிகிரி ஏறினால் காரணம் தேட வேண்டும். காற்று வடிகட்டி அடைபட்டிருக்கலாம், டர்போவின் காற்றுக்குழாய் கசியலாம், நாசில் ஒழுகலாம், டீசல் தூவும் நேரம் பிந்தியிருக்கலாம். டீசல் பம்பில் அளவைக் கூட்டி வைத்து, "வண்டி நன்றாக இழுக்கிறது" என்று மகிழ்பவருக்கு அதன் விலையையும் இந்த மானி காட்டிவிடும்.

மேட்டில் அளவு எல்லையை நெருங்கினால் செய்ய வேண்டியவை இரண்டே: கியரைக் குறைப்பது, மிதியைத் தளர்த்துவது. கியர் குறைந்ததும் சுழற்சி கூடும், காற்று மிகும், சில நொடிகளில் வெப்பம் இறங்கும். ஓட்டுநரின் கண் சாலையில் இருக்க வேண்டுமாதலால், எல்லையைத் தாண்டினால் ஒலிக்கும் மணி ஒன்றையும் மானியோடு சேர்ப்பது நல்லது. கொண்டை ஊசி வளைவில் எண்ணைப் படித்துக்கொண்டிருக்க இயலாது.

நெடுந்தூரம் ஓடிவந்து நிறுத்தும்போதும் இம்மானி பயன்படும். சூடான டர்போவை உடனே நிறுத்தினால் அதன் தாங்கிகளில் தேங்கிய ஆயில் கருகிப் படியும். புகை 200 டிகிரிக்குக் கீழே இறங்கும்வரை சில நிமிடங்கள் எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு அணைத்தால் டர்போவின் ஆயுள் நீளும்.

2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிகளுக்கு உட்பட்ட லாரிகளில், புகையைத் தூய்மைப்படுத்தும் அமைப்புக்காகவே வெப்ப உணரிகள் பொருத்தப்படுகின்றன. அவ்வண்டிகளில் நாம் துளையிடுவது தேவையற்றது, செய்யவும் கூடாது. நாம் பேசுவது அவற்றுக்கு முந்திய, இன்னும் உழைத்துக்கொண்டிருக்கும் லாரிகளைப் பற்றியே. உரிமையாளரின் இசைவோடும் தேர்ந்த மெக்கானிக்கின் துணையோடும் மட்டுமே அவற்றிலும் கைவைக்க வேண்டும்.

இயற்பியல் துறை மாணவர் மூவர் அல்லது நால்வர் சேர்ந்து இதனை இறுதியாண்டுத் திட்டப் பணியாக மேற்கொள்ளலாம். வேதியியல் துறை உலோகங்களை உருக்க இடம் தரலாம். ஊரில் லாரி வைத்திருக்கும் குடும்பத்திலிருந்து நம் கல்லூரிக்கு வராத மாணவர் இல்லை என்றே சொல்லலாம். அவர்கள் வண்டியைத் தரலாம். செய்முறைப் பதிவேட்டில் ஒரு வளைகோட்டை வரைந்து கையொப்பம் வாங்குவதோடு நின்றுவிடாமல், அந்த வளைகோடு எந்த இடத்தில் வளைந்து பொய்யாகிறது என்பதையும் அறிந்து, மெய்யான ஓர் எண்ணை ஓட்டுநரின் கண்முன் வைப்போமாயின், நாம் கற்ற இயற்பியல் மலைச்சாலையிலும் பயன் தரும்.